ஒலியால் ஒலியை அடக்கிய கதை

சென்னையில் கூவம் ஆற்றின் வளைவில் அமைந்துள்ள சிந்தாதிரிப்பேட்டைக்குப் பெயர் தந்தது தறி. ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கோட்டையில் ஆளுநராக இருந்தபோது, 1734ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டிய துணிகளைப் பெறுவதற்காக நூற்போரையும் நெய்வோரையும் அங்கே குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். பெயரிலேயே ஓசையுள்ள ஊர்! இன்று அங்கே தறியோசை கேட்பதில்லை. தலைக்கு மேலே பறக்கும் இரயில் தடதடக்கிறது. கீழே அண்ணா சாலையை நோக்கிப் பேருந்துகளும் ஆட்டோக்களும் முண்டியடிக்கின்றன. மின்சாரம் நின்றுவிட்டாலோ கடைவாசல்களில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. இத்தனை இரைச்சலுக்கும் அருகிலேதான், மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவில், அமைதியை அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கிறார்கள். இரைச்சலை நீக்கும் ஹெட்போன்கள் என்று அவற்றிற்குப் பெயர்.

இவற்றைப் பற்றி எழுத என்னைத் தூண்டியவர் என் வகுப்பு மாணவர் ஒருவர். நாள்தோறும் பேருந்தில் ஒரு மணி நேரம் வந்து, ஒரு மணி நேரம் திரும்புபவர். வார இறுதியில் இரவுப் பேருந்தில் ஊருக்குப் போய் வருவார். "சார், இரைச்சலை நீக்கும் ஹெட்போன் ரெண்டாயிரத்துக்கும் இருக்கு, முப்பதாயிரத்துக்கும் இருக்கு. என்ன சார் வித்தியாசம்? எதை வாங்கலாம்?" என்று கேட்டார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். பேருந்துச் சத்தத்தில் பாட்டுக் கேட்காததால், சாதாரண இயர்போனை முழு ஒலியில் வைத்துத்தான் கேட்பாராம்; இறங்கிய பிறகும் சிறிது நேரம் காதில் 'ஙொய்' என்று ஓர் ஓசை இருந்துகொண்டே இருக்குமாம். முதல் கேள்வியைவிட இந்த இரண்டாவது செய்திதான் என்னைக் கவலைகொள்ளச் செய்தது. இரண்டிற்கும் விடை சொல்ல வேண்டுமானால், ஏறத்தாழ 90 ஆண்டு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒலியும் ஒலியும் கூடினால்

ஒரு விளக்குடன் இன்னொரு விளக்கைச் சேர்த்தால் வெளிச்சம் கூடுகிறது. அதுபோல ஓர் ஒலியுடன் இன்னோர் ஒலியைச் சேர்த்தால் ஒலி கூடத்தானே வேண்டும்? எப்போதும் அப்படியன்று. இதைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள இசைக்கவை ஒன்றைத் தட்டி, காதருகே நிமிர்த்திப் பிடித்து, அதன் காம்பை மெல்லத் திருப்புங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு இடங்களில் ஒலி ஓய்ந்து, மீண்டும் எழுவதைக் கேட்பீர்கள். கவையின் இரு புயங்களும் வெளிப்புறமாக விரியும்போது, வெளிப்பக்கங்களில் காற்று நெருக்கமடைகிறது. புயங்களுக்கு நடுவே நெகிழ்கிறது. ஒரு புறத்து நெருக்கமும் இன்னொரு புறத்து நெகிழ்வும் ஒரே அளவில் வந்து சேரும் திசைகளில் காற்று நெருங்குவதும் இல்லை, நெகிழ்வதும் இல்லை. அங்கே அமைதி. அவ்வாறு ஒலி ஓய்ந்த நிலையில், ஒரு தாள்குழாயைப் புயத்தில் படாமல் அதைச் சுற்றிச் செருகினால், ஒலி மீண்டும் கேட்கும்! ஓர் ஒலியைத் தடுத்ததால் ஒலி கூடியது. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

இதனை அலைகளின் குறுக்கீட்டு விளைவு என்கிறோம். தாமஸ் யங் 1801ஆம் ஆண்டில் ஒளிக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்காட்டினார். ஒலியைப் பொறுத்தவரை முழு இலக்கணம் வகுத்தவர் ராலே பிரபு. 1877-78இல் வெளிவந்த அவருடைய 'ஒலிக் கொள்கை' என்ற பெருநூலை, உடல்நலம் தேற எகிப்துக்குப் போயிருந்தபோது, நைல் ஆற்றில் படகுவீட்டில் பயணம் செய்துகொண்டே எழுதத் தொடங்கினார். இந்த வரலாற்றில் பயணிகள் அடிக்கடி வருவார்கள், வாசகர்கள் கவனித்துக்கொள்ளலாம்.

ஆனால் இசைக்கவை ஒரே சீராக ஒலிப்பது. உலகத்து இரைச்சல் அப்படியா? நொடிக்கு நொடி மாறும் இரைச்சலுக்கு, அதற்கு நேர் எதிரான இரைச்சலை யார் செய்து தருவது?

லூயெக்கின் குழாய்

அதைச் செய்யலாம் என்று முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் பால் லூயெக் என்ற ஜெர்மானியர். 1933ஆம் ஆண்டில் தம் நாட்டிலும், 1934இல் அமெரிக்காவிலும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936 ஜூன் 9ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. அவருடைய எண்ணம் மிக எளியது. ஒரு குழாய்க்குள் இரைச்சல் ஓடி வருகிறது. வழியில் ஒரு மைக்கை வைத்து அதைக் கேட்கிறோம். மைக்கில் பிறந்த மின்னோட்டத்தைப் பெருக்கி, தலைகீழாக்கி, சற்றுத் தள்ளியுள்ள ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். மின்சாரமோ கண்ணிமைப்பதற்குள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடுவது. எனவே இரைச்சல் ஆடி அசைந்து ஒலிபெருக்கியிடம் வந்து சேருமுன், அதற்குரிய எதிரொலி அங்கே ஆயத்தமாக நிற்கும். முன்னே போன தந்தி, பின்னே வரும் விருந்தாளியைப் பற்றி வீட்டாருக்குச் சொல்லிவிடுவதைப் போலத்தான்!

எண்ணம் சரி; ஆனால் அதைச் செய்து முடிக்கும் கருவிகள் அன்று இல்லை. வால்வுகளைக் கொண்ட பெருக்கிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. சூடேறச் சூடேற அவற்றின் நடத்தையும் மாறும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அது கருவியில் இல்லை, இயற்பியலிலேயே இருந்தது.

1953இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சனும் எவரெட் மேயும் 'மின்னணு ஒலி உறிஞ்சி' என்ற ஒன்றைச் செய்துகாட்டினார்கள். ஒரு மைக்கும் ஒலிபெருக்கியும் அருகருகே இருக்கும். அதை இருக்கையின் தலைப்பக்கத்தில் பொருத்தினால், அமர்ந்திருப்பவரின் தலையைச் சுற்றி இரைச்சல் குறையும். குறைந்ததும் உண்மை. ஆனால் தலையைச் சற்று நகர்த்தினால் போயிற்று! 1956இல் வில்லியம் கோனோவர் என்ற பொறியாளர் மின்மாற்றிகளின் 'ஹும்' என்ற ரீங்காரத்தை இதே வழியில் அடக்க முயன்றார். ஒரு திசையில் இருந்த வீடுகளுக்கு ரீங்காரம் குறைந்தால், வேறு திசையில் அது கூடிவிடக்கூடும் என்ற சங்கடம் அவருக்கு ஏற்பட்டது. இசைக்கவையை நினைத்துப் பாருங்கள். நான்கு திசைகளில் அமைதி என்றால் மற்றத் திசைகளில் ஒலி இருக்கத்தானே செய்யும்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் இவ்வாறு ஒரு மைக் உள்ள புள்ளியில் ஒலியை அடக்கினால், நல்ல அமைதி நிலவும் வட்டத்தின் விட்டம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் மூன்றரை மீட்டர். அமைதி வட்டம் 35 சென்டிமீட்டர். 1000 ஹெர்ட்ஸ் என்றால் அது மூன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஓர் அறை முழுவதையும் இவ்வாறு அமைதியாக்குவது ஏன் இன்றுவரை கைகூடவில்லை என்பது இப்போது விளங்கும்.

ஆனால் மனிதனுக்கு அறை முழுவதும் அமைதி எதற்கு? இரண்டு காதுத் துளைகளில் அமைதி இருந்தால் போதாதா? மைக்கையும் ஒலிபெருக்கியையும் காதோடு கட்டிவிட்டால், தலை எங்கே திரும்பினாலும் அமைதி வட்டமும் கூடவே திரும்புமல்லவா? லூயெக்கின் எண்ணத்தைக் காப்பாற்றியது இந்தச் சிறு மாற்றமே. 1955ஆம் ஆண்டிலேயே ஆர்.சி.ஏ.யைச் சேர்ந்த சிம்ஷாசர், ஹாலி என்ற இருவர் இத்தகைய ஹெட்போனைப் பற்றி எழுதினார்கள். அதையடுத்து வில்லார்ட் மீக்கர் என்பவர் அமெரிக்க விமானப் படைக்காக மாதிரிகளைச் செய்து பார்த்தார்.

கொதிகலன் தொழிலாளரின் காது

விமானப் படைக்கு இதில் ஏன் அக்கறை? செவி கெடுவது வலியில்லாமல் நடப்பது. அதனால்தான் அது கொடியது. 1886ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் நூறு பேரின் காதைச் சோதித்தார். இரும்புத் தகடுகளில் நாள் முழுதும் ஆணி அறைபவர்கள் அவர்கள். நூறு பேரில் ஒருவருக்குக்கூடச் செவித்திறன் முழுமையாக இல்லை. உட்காதில் நத்தைச் சுருள் போன்ற உறுப்பினுள் நுண்ணிய மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குச் சொல்பவை அவைதாம். மனிதனுக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

என் மாணவரின் 'ஙொய்' ஓசைக்கு இப்போது வருவோம். அது அந்த மயிர்ச்செல்களின் களைப்பு. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பதே பாதுகாப்பான எல்லை என்று உலக நல நிறுவனம் வகுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்கு. எனவே கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 83 டெசிபெல் என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரந்தான். மாணவர் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறார். ஆகப் பன்னிரண்டு மணி. பேருந்தின் உறுமலுக்கு மேலே பாட்டு எழ வேண்டும் என்று 90 டெசிபெல்லில் வைத்தாரானால், தம் பங்கைப்போல் மூன்று மடங்கு செலவழிக்கிறார். இரவுப் பேருந்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பேருந்தின் உறுமல் மட்டும் காதுக்குள் குறைந்தால், 70 டெசிபெல்லிலேயே பாட்டு இனிதாகக் கேட்கும். இந்த ஹெட்போன்களை ஆடம்பரம் என்று நான் தள்ளிவிடாததற்குக் காரணம் இந்தக் கணக்கே.

ஒரு படகும் ஒரு விமானமும்

காதோடு கட்டினாலும் ஓர் இடர் இருந்தது. மைக் காதுக்கூட்டினுள் ஒலிபெருக்கியின் அருகிலேயே இருப்பதால், ஒலிபெருக்கியின் ஒலியும் மைக்குக்குள் போகும். பொதுக்கூட்டங்களில் மைக் திடீரென்று 'கீ...' என்று அலறுவதைக் கேட்டிருப்போம்; அதே விபத்து காதுக்குள் நடக்கும்! இதற்கு மருந்து ஏற்கெனவே வேறோர் இடத்தில் பிறந்திருந்தது. 1927 ஆகஸ்டு 2ஆம் நாள் காலை, பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், வேலைக்குப் போகப் படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். தொலைபேசிப் பெருக்கிகளின் பிழையைக் குறைப்பது எப்படி என்பது அவருடைய நெடுநாள் சிந்தனை. வெளிவரும் மின்குறியில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளேயே திருப்பி அனுப்பினால் பிழை தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது அப்போது பளிச்சிட்டது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதை வரைந்தார். எதிர்ப் பின்னூட்டம் என்று இன்று கல்லூரியில் நாம் கற்பிப்பது இதையே. எதிராக இருக்கும்வரை அது திருத்தும். தாமதத்தால் கட்டம் புரண்டு நேராகிவிட்டால் அலறும்.

இனி இரண்டாவது பயணி. அமர் கோபால் போஸ் 1929இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை நோனி கோபால் போஸ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர்; ஆங்கில ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டு, பின்னர் 1920இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தில் வருமானம் குறைந்ததால், பதின்மூன்று வயது அமர் ரேடியோக்களைப் பழுதுபார்த்துக் கொடுத்துச் சம்பாதித்தார். ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் மேசைகளுக்கு முன்னால் குனிந்திருக்கும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும். பின்னர் எம்.ஐ.டி.யில் படித்து, புதுடில்லியில் ஓராண்டு ஆய்வுமாணவராகவும் இருந்து, எம்.ஐ.டி.யிலேயே ஆசிரியராகி 45 ஆண்டுகள் கற்பித்தார். 1964இல் தம் பெயரில் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

1978ஆம் ஆண்டில் அவர் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் பறந்தார். பாட்டுக் கேட்க அப்போது புதிதாக வந்திருந்த மின்னணு ஹெட்போனை விமானத்தில் கொடுத்தார்கள். ஆவலோடு அணிந்தார். எஞ்சின் இரைச்சலில் இசை மூழ்கிப்போயிற்று. வேறு யாராவது ஆயிருந்தால் கழற்றி வைத்துவிட்டு உறங்கியிருப்பார்கள். அவரோ தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். காதுக்கூட்டினுள்ளே ஒரு மைக். அது கேட்பதிலிருந்து, கேட்க வேண்டிய இசையைக் கழித்தால் மிஞ்சுவது இரைச்சல். அந்த மிச்சத்தைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். விமானம் இறங்குமுன், இது முடியும் என்ற அளவுக்குக் கணக்கு வந்துவிட்டது.

கணக்கிலிருந்து கடைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. ஜான் கார்ட்டர் என்பவருடன் சேர்ந்து போஸ் பெற்ற காப்புரிமை 1984இல் வெளிவந்தது. 1986 டிசம்பரில் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் 'வாயேஜர்' என்ற விமானத்தில், நடுவில் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும், ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தார்கள். அந்தச் சிற்றறைக்குள் எஞ்சினின் ஓசை இருவர் செவியையும் கெடுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. போஸ் நிறுவனத்தின் மாதிரி ஹெட்போன்களே அவர்களுக்குத் துணை நின்றன. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் லுப்தான்சாவுக்காக 1984இல் இதே வேலையைத் தொடங்கி, 1987இல் விமானிகளுக்கான ஹெட்போனை வெளியிட்டது. போஸின் ஹெட்போன் 1989இல் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிக்கு? அதற்கு 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விலை 299 டாலர்; அன்றைய மதிப்பில் 13,000 ரூபாய்க்கும் மேல். போஸ் 2013இல் மறைந்தார்.

அந்த விலை இன்று 2,000 ரூபாய்க்கும் கீழே வந்திருக்கிறதே, எப்படி? பெரும்பங்கு மைக்கைச் சாரும். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜெரார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். நிலையாக மின்னேற்றம் பெற்ற மெல்லிய படலமே அதன் உயிர். ஆதலால் சிறியது, மலிவானது. ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு ஒன்று வாங்கலாம். அதன் பின்னர்ச் சிலிக்கானிலேயே பொறித்த, அரிசியைவிடச் சற்றே பெரிய மைக்குகள் வந்தன. கழித்தலையும் தலைகீழாக்குதலையும் எண்கணக்காகவே செய்யும் சில்லுகள் வந்தன. கைப்பேசிகளுக்காகக் கோடிக்கணக்கில் அவை செய்யப்பட்டதால் விலை சரிந்தது. லூயெக்கின் பெட்டிகள் இன்று காதுமடலுக்குள் அடங்கிவிட்டன.

விலை மாறினாலும் மாறாதது

ஆனால் ஒலியின் அலைநீளம் எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்பட்டதன்று. எதிரொலி ஓர் அலைவின் ஆறில் ஒரு பங்கு நேரம் தாமதித்து வந்தால், கணக்குப்படி எஞ்சும் இரைச்சல் முதலில் இருந்த அளவுக்கே இருக்கும், பயன் சுழி. அதற்கும் மேல் தாமதித்தால் இரைச்சல் கூடும்! 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அந்த எல்லை ஒன்றரை மில்லி நொடிக்கும் மேல். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ மில்லி நொடியில் ஆறில் ஒரு பங்கு; அதற்குள் ஒலி ஆறு சென்டிமீட்டர்கூட நகர்ந்திராது. இரைச்சலின் அழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்க, அதாவது 20 டெசிபெல் குறைக்க வேண்டுமானால், எல்லை இன்னும் பத்து மடங்கு கடுமையானது. எனவேதான் எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்போனாயினும், தாழ்ந்த, சீரான ஒலிகளையே மின்முறையில் நன்றாக அடக்குகிறது. அதற்கு மேலுள்ள கீச்சொலிகளை அடக்குவது காதை மூடியிருக்கும் மெத்தையும் இரப்பரும்தான். பஞ்சு அடைத்துக்கொண்ட நம் பாட்டனாரின் முறை!

நம் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 25. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். ஆக நொடிக்கு 75 வெடிப்பு. 75 ஹெர்ட்ஸ் உறுமல். ஹெட்போனுக்கு இது அல்வா சாப்பிடுவது போன்ற வேலை. விமானத்தின் இரைச்சலிலும், குளிர்பதனப் பெட்டியின் காற்று ஓசையிலும் தாழ்ந்த பகுதி இவ்வாறே அடங்கிவிடும். பின்னால் வரும் லாரியின் ஹாரனோ, மடியில் இருக்கும் குழந்தையின் அழுகையோ, கைப்பேசியில் உரக்கப் படம் பார்க்கும் அடுத்த இருக்கைக்காரரோ அடங்கமாட்டார். பேச்சின் தெளிவுக்குரிய பகுதி பெரும்பாலும் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. அவரை அடக்கக் காதுத் துளையை இறுக மூடும் நுனிதான் வேண்டும். இரவுப் பயணத்தில் இசையே வேண்டாம், உறக்கம் போதும் என்பவருக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும் என்பது என் கருத்து. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வாங்குமுன் எந்த இரைச்சலை விரட்ட விரும்புகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விலையில் உள்ள பெரிய இடைவெளி எதற்கு என்றால், மைக்குகளின் எண்ணிக்கை, சில்லின் வேகம், இசையின் தரம், பெயரின் மதிப்பு ஆகியவற்றிற்கு. மலிவானவற்றில் பலவற்றில் காதுக்கு வெளியே மட்டும் ஒரு மைக் இருக்கும். அது வரும் இரைச்சலை முன்கூட்டிச் சொல்லும் லூயெக்கின் வழி. உள்ளேயும் ஒரு மைக் இருந்தால், போஸின் வழியும் சேர்ந்து, காதில் உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்த்துத் திருத்தும். 'ஹைப்ரிட்' என்று பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான். கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம். பெட்டியில் உள்ள டெசிபெல் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது ஏதோ ஓர் அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவே.

நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பெட்டியின் மேல் இரைச்சல் நீக்கம் என்று கொட்டை எழுத்தில் இருந்ததைக் கண்டு, ஒரு கடையில் 1,200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இரயிலில் அணிந்தால் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பார்த்தால், சிறிய எழுத்தில் 'ஈ.என்.சி.' என்றிருந்தது. 'ஏ.என்.சி.' என்பது நம் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. 'ஈ.என்.சி.' என்பது நாம் தொலைபேசியில் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள இரைச்சல் மறுமுனையில் கேட்காமல் வடிகட்டுவது. எம்.எஸ்சி. படித்தும் ஓர் எழுத்தில் தவறினேன்! அந்த ஹெட்போனில் என்னுடன் பேசுபவர்களுக்கு மட்டும் நல்ல அமைதி கிடைத்து வருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. காதை மூடிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்த இளைஞர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். இரயிலின் உறுமல் தாழ்ந்த ஒலி. இந்தக் கருவி மிகத் திறமையாக அழிப்பது சரியாக அந்த ஒலியைத்தான். ஊர்தியில் அமர்ந்த பிறகு அணிவது, இறங்குமுன் கழற்றுவது என்ற வழக்கத்தை என் மாணவரிடம் சொல்லிவிட்டேன்.

சோதித்துப் பார்க்க நல்ல இடம் எது என்றும் அவர் கேட்டார். இரைச்சலில் விற்கும் பொருளை இரைச்சலிலேயே சோதிக்கலாமே! ஒரு சனிக்கிழமை மாலை அவருடன் ரிச்சி தெருவுக்குப் போனேன். நல்ல வேளையாக மின்சாரம் இல்லை. கடைவாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு எதையும் போடாமல் அணியச் சொன்னேன். நுனிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, காதுக்கு இறுக்கமானதைத் தேர்ந்த பின் பொத்தானை அழுத்தினார். முகம் மாறியது. அணைத்தார், மீண்டும் போட்டார். என்னிடம் நீட்டினார். நான் அணிந்ததும் ஜெனரேட்டர் எங்கோ இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது போலிருந்தது. கடைக்காரரின் குரல் மட்டும் சற்று மெலிதாக, ஆனால் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. "சார், பில் போட்டுடவா?"